52 கோர் வருகிறதாம்! எண்ணத் தெரிந்தவர்கள் பேசுங்கள்

சாட்ஸ்வொர்த் செல்வா:
நம்ம வாட்சப் குழுவில் ஒருவர் போட்ட செய்தியைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "நோவா லேக் வரட்டும், 52 கோர், ரைசன் வாங்கினவன் எல்லாம் தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்" என்று எழுதியிருந்தார். நோவா லேக் என்பது இன்டெலின் அடுத்த கணினிச் சிப், ரைசன் அதன் போட்டியாளர் ஏஎம்டியின் சிப், கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் பிரிவு. இன்டெல் சொன்னது 2026 கடைசியில் வரும் என்று. 52 என்பது கசிந்த பட்டியல்களில் உலாவும் எண். சரி, அந்தப் பட்டியலையே நம்புவோம். அதில் என்ன இருக்கிறது? பெரிய கோர் 16, சின்ன கோர் 32, மின்சாரம் மிச்சம் பிடிக்க இன்னும் சின்னதாக 4. ஆக அது 16 கோர் சிப். மற்றதெல்லாம் ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்த கதை.

மிட்ராண்ட் முத்து:
போட்டவன் நான்தான் அண்ணே. பேரைச் சொல்லியே திட்டுங்கள், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. 16+32+4 கூட்டிப் பாருங்கள், 52 வரும்.

சாட்ஸ்வொர்த் செல்வா:
கூட்டல் எனக்கும் தெரியும் தம்பி. 16 தான் கோர்.

மிட்ராண்ட் முத்து:
சின்னக் கோர் என்றால் பழைய ஆட்டம் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்கைமாண்ட் என்ற சின்னக் கோர் பற்றி 2024ல் இன்டெல் சொன்னதைத் தேடிப் படியுங்கள். ஒரே கடிகார வேகத்தில் முழு எண் கணக்குகளில் 13ஆம் தலைமுறையின் பெரிய கோரையே தொட்டுவிட்டது. இப்போது வரப்போவது அதற்கும் அடுத்தது. நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், கையில் இன்டெல் 285கே சிப் இருக்கிறது. 8 பெரியது, 16 சின்னது. 4கே கோப்பை ஏற்றுமதிக்குப் போட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 24 கட்டமும் உச்சியில் போய் நிற்கும், ஒன்றுகூட சும்மா இருக்காது. அந்த 16ம் வேலை செய்யவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் பிரேமா:
ஒரு நிமிஷம். கோர் என்று எதைச் சொல்கிறோம்? தானே கட்டளையை வாங்கி, தானே பிரித்து, தானே கணக்குப் போடுவது கோர் என்றால் சின்னதும் கோர்தான். பெரியதற்குச் சமமான வேகம் வேண்டும் என்றால் இல்லை. முதலில் அதை முடிவு செய்துவிட்டுச் சண்டை போடுங்களேன்.

சாட்ஸ்வொர்த் செல்வா:
முத்து, 285கே வைத்துக்கொண்டு பெருமை வேறு பேசுகிறாயா? 2024 அக்டோபரில் வந்த அந்த ஆரோ லேக் வரிசை, கணினி விளையாட்டில் பல இடங்களில் தன் வீட்டு முந்தைய 14900கே-யையே எட்டவில்லை. வெளியீடு எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று இன்டெல்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். அது வருவதற்கு முன்னால் இதே இடத்தில் நீ என்ன எழுதினாய்? "ஏஎம்டி கதை முடிந்தது." அடுத்த மாதமே ஏஎம்டியின் 9800எக்ஸ்3டி வந்தது. வெறும் 8 கோர், சிப்புக்குள்ளேயே 96 எம்பி கேஷ் நினைவகம். விளையாட்டில் யார் முதலிடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 24 கோர் வைத்து 8 கோரிடம் தோற்றவர்கள் 52 என்று வருகிறார்கள். அதுவும் 16 தான்.

மிட்ராண்ட் முத்து:
கோர் கணக்கைப் பற்றி ஏஎம்டி ரசிகர் பாடம் எடுக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். 2011ல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8150 வந்ததே, "8 கோர்" என்று பெட்டியில் போட்டு. உள்ளே 4 மாட்யூல், ஒவ்வொன்றிலும் இரண்டு கோர் ஒரே தசமக் கணக்குப் பிரிவைப் பங்கு போட்டுக்கொண்டன. அமெரிக்காவில் வழக்கு நடந்து 2019ல் 12.1 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது யார்? இன்டெலா?

சாட்ஸ்வொர்த் செல்வா:
பதினைந்து வருஷத்துப் பழைய சிப்பைத் தோண்டி எடுக்கிறாய் என்றால் உன்னிடம் பதில் இல்லை என்று அர்த்தம். நீ தோண்டினால் நானும் தோண்டுவேன், அதுவும் அவ்வளவு ஆழம் தேவையில்லை. இன்டெல் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகளின் மின்னழுத்தச் சிக்கல். 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் என்ற திருத்தத்தை விட்டார்கள், உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை மைக்ரோகோட் சரிசெய்யாது. இதைச் சொன்னதும் அப்போது நான்தான், நீ என்னைப் பொறாமைக்காரன் என்றாய். மறக்கவில்லை.

லெனேசியா ராஜு:
14900கே உச்சத்தில் 253 வாட். லோட்-ஷெடிங் என்று முறை வைத்து மின்சாரத்தை வெட்டிய காலத்தில் யுபிஎஸ்ஸில் அதை ஓட்டினவர்களைக் கேட்டால் தெரியும். 52 கோருக்கு நம்ம தென்னாப்பிரிக்க மின் நிறுவனம் எஸ்காம் தனி லைன் தருமா?

மிட்ராண்ட் முத்து:
2024 மார்ச் கடைசியில் நிறுத்திய பிறகு லோட்-ஷெடிங் எப்போதாவதுதான் வந்தது. இன்னும் அதே பாட்டா?

லெனேசியா ராஜு:
மிட்ராண்டில் இருக்கிறவனுக்கு அப்படித்தான் தெரியும். எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் போனால் இரண்டு நாள் இருட்டு, அதற்குப் பேர் லோட்-ஷெடிங் இல்லையாம்.

சாட்ஸ்வொர்த் செல்வா:
உங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் குழாயில் தண்ணீரே ஒழுங்காக வருவதில்லை, இதில் மின்சாரம் பற்றி டர்பன்காரனான எனக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள்.

லெனேசியா ராஜு:
நான் உங்கள் பக்கம்தான் அண்ணே பேசினேன்! என்னை ஏன் இழுக்கிறீர்கள்?

மிட்ராண்ட் முத்து:
பேச்சை மாற்றாதீர்கள். ஏஎம்டியின் அடுத்த தலைமுறை, உங்கள் ஜென் 6 மட்டும் என்ன வேதவாக்கா? சிப்லெட் என்ற ஒரு சிப் துண்டில் 12 கோர், மொத்தம் 24, கடிகாரம் 7 கிகாஹெர்ட்ஸ் என்று எல்லாம் வதந்திதான். ஏஎம்டி 2 நானோமீட்டர் என்று உறுதியாகச் சொன்னது வெனிஸ் சர்வர் சிப்புக்கு. ஜென் 5 வரும்போதும் இப்படித்தான் 40 சதவீதம் வேகம் கூடும் என்று ஊதினீர்கள். ஏஎம்டியே சொன்னது 16 சதவீதம், 2024 ஆகஸ்டில் கையில் வந்தபோது விளையாட்டில் அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த 40 யார் எழுதியது? தேடினால் கிடைக்கும்.

சாட்ஸ்வொர்த் செல்வா:
அது வேறு ஒருவர் சொன்னதைப் பகிர்ந்தேன். பகிர்வதும் சொல்வதும் ஒன்றல்ல. ஒன்று மட்டும் கேட்கிறேன். 24 வதந்தி என்றே வைத்துக்கொள், ஆனால் அந்த 24ம் பெரிய கோர். முழுக் கோர். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசை, அதாவது இரண்டு திரெட், ஓட்டும். உன் 52ல் அப்படி எத்தனை? உன் ஆட்கள் அந்த வசதியான ஹைப்பர்-த்ரெடிங்கையே ஆரோ லேக்கில் பிடுங்கிவிட்டார்கள். 24 பெரியதா, 16 பெரியதா? அப்புறம் சிப்பைப் பொருத்தும் மதர்போர்டு. கசிவுகளின்படி உனக்கு எல்ஜிஏ 1954, புதுச் சாக்கெட். 2024ல் வந்த 1851 போர்டு காயலான் கடைக்கு. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022ல் வந்தது, 2027க்கு மேலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ராண்டில் சம்பளம் வாங்கி 15 சதவீத வாட் வரியும் கட்டி, இறக்குமதிப் பொருள் வாங்குகிற ஊரில் இதுதான் கணக்கு.

பீனிக்ஸ் பிரேமா:
அந்தக் கணக்கில் ராம் மெமரியையும் சேருங்கள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கே மெமரி போய்விடுவதால் டிடிஆர்5 ராம் விலை ஏறிக் கிடக்கிறது. மெமரி தயாரிக்கும் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் தன் க்ரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. என் மகனுக்குக் கணினி கட்ட வேண்டும். 52, 24, 16 எதற்காகக் காத்திருந்தாலும் இந்த விலையில் ராம் வாங்கித்தானே ஆக வேண்டும்? இப்போதே கட்டிவிடலாமா?

மிட்ராண்ட் முத்து:
52 வரும் அக்கா, காத்திருங்கள்.

சாட்ஸ்வொர்த் செல்வா:
16 வரும். பிரேமா, இவன் பேச்சைக் கேட்டு எதையும் வாங்காதே. போர்டைப் பற்றிப் பேசினதும் வாயை மூடிக்கொண்டான் பார். என் மைத்துனருக்கு இவன் விற்ற பி650 போர்டில் சாக்கெட் பின் இரண்டு வளைந்திருந்தது. "பெட்டி பிரிக்காதது மாதிரி இருக்கும்" என்றான்.

மிட்ராண்ட் முத்து:
அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது. சிப்பை ஒழுங்காக வைக்கத் தெரியாதவர் பின்னை வளைத்தால் நான் பொறுப்பா?

சாட்ஸ்வொர்த் செல்வா:
முப்பது வருஷமாகக் கணினி பழுது பார்க்கிறவரைப் பார்த்து சிப் வைக்கத் தெரியாது என்கிறாய். பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்திருக்கிறார். இங்கேயே போடச் சொல்லட்டுமா?

மிட்ராண்ட் முத்து:
போடச் சொல்லுங்கள். நான் அனுப்பின படமும் இருக்கிறது, தேதியோடு.