ஊரே சேர்ந்து மின்சாரம் எடுக்க முயன்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

கொங்குமணி
கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியின் கதை எல்லாருக்கும் தெரியும். 2006-இல் பஞ்சாயத்தே கடன் வாங்கி மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை போட்டது, தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது, எதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊரிலும் கிராம சபையில் தீர்மானம் போட்டோம். குளத்து மேட்டில் இரண்டு ஏக்கர் புறம்போக்கு இருக்கிறது, சோலார் போட்டால் குடிநீர் மோட்டார் பில்லும் தெருவிளக்கு பில்லுமாவது மிச்சம் என்று கணக்கு. தீர்மானத்தை எடுத்துக்கொண்டு அரசு அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிக்கவே இல்லை, "நிலம் என்ன வகைப்பாடு?" என்றார். மேய்ச்சல் புறம்போக்கு என்றதும் தாளை இரண்டாக மடித்து எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். ஒரு பாட்டி வைத்த கைநாட்டின் மை ஈரம் காயாமல் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷம் ஆச்சு, அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அடையாறு வாசி
எங்களுடையது அபார்ட்மென்ட். 2019 கட்டட விதிகளில் பெரிய குடியிருப்புகளுக்கு மொட்டை மாடியில் மூன்றில் ஒரு பங்கைச் சோலாருக்கு ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது இல்லையா, அதை நம்பி லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் பொதுவாகப் பேனல் போடலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேசி, அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வரைபடத்தில் கட்டம் போட்டுக் காட்டியிருந்த அதே இடத்தில் தகரக் கொட்டகை, பூட்டு தொங்குகிறது. சாவி பில்டரிடம். வீடு வாங்கிய நாங்கள் அத்தனை பேரும் வெயிலில் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தாமரைக்குளம்
கொங்குமணி சார், வருத்தம் புரிகிறது, ஆனால் மேய்ச்சல் நிலத்தைத் தர மறுத்தது தப்பில்லை. ஆடு மாடு வைத்திருப்பவர்களும் ஊர்தானே? எங்கள் பக்கம் அப்படி வேலி போட்ட பிறகு ஆட்டை ரோட்டோரம் மேய்க்கிறார்கள், ஓர் ஆட்டுக்குட்டி லாரியில் அடிபட்டதை நானே பார்த்தேன். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பஞ்சாயத்து ஆபீஸ், பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் எல்லாவற்றின் கூரையையும் முதலில் அளந்து வையுங்கள். எந்த இணைப்பு யார் பெயரில், மாதம் எத்தனை யூனிட், ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அதை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள், தனி மனுவாகப் போனால் மடித்துத்தான் தருவார்கள். அடையாறு அம்மா, விதி இடத்தை ஒதுக்கச் சொல்கிறதே தவிர, பேனல் யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. வரைபட நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

கடல் தாண்டி
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். 2015-இல் இங்கே ஒரு விதி வந்தது: காற்றாலைக்கு உள்ளூர்த் திட்டத்திலேயே இடம் குறித்திருக்க வேண்டும், ஊர் மக்கள் சொல்லும் ஆட்சேபம் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். 2018-இல் எங்கள் ஊர்க் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கையும் உயர்ந்தது, பின் வரிசையில் ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், முடிந்தது. அதே விதி இருக்கும்போதே பிரிஸ்டலில் லாரன்ஸ் வெஸ்டன் மக்கள் 2020-இல் மாநகராட்சி அனுமதி வாங்கி, 2023-இல் 4.2 மெகாவாட் காற்றாலையைச் சுற்ற வைத்துவிட்டார்கள். ஊருக்கே சொந்தம். 2024 ஜூலையில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் அதற்குள் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

கொங்குமணி
தாமரைக்குளம், ஆட்டுக்குட்டி விஷயம் நான் யோசிக்காதது. பள்ளிக்கூடக் கூரை ஓடு, தாங்காது. சமுதாயக் கூடம் தளம்தான். ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு போய் அளக்கிறேன்.