தியோனிசியார்: ஒரே பெயர், எத்தனை ஆயர்கள்?

சுவடி நேசன்:
ஏதென்சில் புனித பவுலின் உரையைக் கேட்டு மனம்மாறிய தியோனிசியாரே பின்னாளில் பாரிசு நகரின் ஆயராகி, அங்கே தலை வெட்டுண்டு மறைசாட்சியானார் என்று 'பழைய செபப்புத்தகம்' என்னும் அன்பர் நேற்று இங்கே உறுதியாக எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு வந்த எரிச்சலை நான் மறைக்கப்போவதில்லை. பவுல் ஏதென்சின் அரயோபாகு என்னும் நீதிமன்றத்தில் பேசியது கி.பி. 50ஐ ஒட்டிய காலம். பாரிசு ஆயர் காலியா நாட்டுக்கு, அதாவது இன்றைய பிரான்சுக்கு, அனுப்பப்பட்டதோ ரோமைப் பேரரசன் தேசியுஸ் காலத்தில், அதாவது 250 வாக்கில் என்று தூர் நகர ஆயர் கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். இடையில் இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றை ஒரே மனிதர் எப்படிக் கடந்தார் என்று சொல்லுங்கள்.

பழைய செபப்புத்தகம்:
ஐயா, நான் கதை கட்டவில்லை. குருக்கள் பல நூற்றாண்டுகளாக அக்டோபர் 9 அன்று ஓதிவந்த கட்டளைச் செபத்தின் (குருக்களின் அன்றாடச் செபநூலின்) வாசகமே, ஏதென்சின் தியோனிசியாரைத் திருத்தந்தை கிளமெந்து காலியாவுக்கு அனுப்பினார் என்று சொன்னது. பாரிசு நோத்ர்-தாம் பேராலயத்தின் இடப்பக்க வாயிலில், இரண்டு வானதூதர்கள் அருகில் நிற்க, வெட்டுண்ட தன் தலையைத் தன் கைகளிலேயே ஏந்தி நிற்கிறார் அந்தப் புனிதர். அந்தக் கல்லின் முன் தலைமுறை தலைமுறையாக மண்டியிட்ட மக்களைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்துவிட்டதா?

சுவடி நேசன்:
மண்டியிட்டவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களிடம் தவறான வரலாற்றைக் கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன். 827இல் கான்ஸ்தாந்திநோபிளின் பேரரசர் இரண்டாம் மிக்கேல், தியோனிசியார் பெயரில் வழங்கிய கிரேக்க நூல்களின் சுவடி ஒன்றைப் பிராங்கியப் பேரரசர் லூயிக்கு அனுப்பினார். அது பாரிசுக்கு அருகிலுள்ள சான்-தெனி மடத்துக்கு, அதாவது பிரெஞ்சில் புனித தியோனிசியாரின் பெயரையே கொண்ட மடத்துக்கு, வந்து சேர்ந்தது. மடத்தலைவர் இல்துவின் அதன்பின் எழுதிய வரலாற்றில் ஏதென்சுக்காரர், பாரிசு ஆயர், நூலாசிரியர் ஆகிய மூவரையும் ஒருவராக்கினார். அந்த நூல்களிலோ 485இல் இறந்த புரோக்லஸ் என்னும் தத்துவஞானியின் கருத்துகள் ஊறிக் கிடப்பதை 1895இல் கோக், ஸ்டிக்ல்மையர் என்ற இரு செருமானிய அறிஞர்கள் தனித்தனியே காட்டிவிட்டார்கள். எனவே இப்போது ஒருவரை அல்ல, மூவரைப் பிரித்தாக வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு இன்னும் பதில் வரவில்லை.

நாசரேத் ஊர்க்காரன்:
இருவரும் வேதாகமத்தைத் திறந்து பார்க்க வேண்டுகிறேன். அப்போஸ்தலர் 17:34இல், நீங்கள் அரயோபாகு என்னும் மார்ஸ் மேடையின் நியாயாதிபதிகளில் ஒருவனாகிய 'தியொனீசியு' என்றுதான் இருக்கிறது. 'தியோனிசியார்' என்று 'ஆர்' சேர்ப்பது உங்கள் சபை வழக்கமாக இருக்கலாம். அதைவிட என்னை உறுத்துவது அந்தப் பெயரின் பொருள். கிரேக்கரின் மதுக்கடவுளான தியோனிசசுக்கு உரியவன் என்பதே அதன் பொருள். ஞானஸ்நானம் பெற்றபின்னும் ஒரு கண்காணி, அதாவது ஆயர், அந்தப் பெயரைச் சுமந்தது எப்படித் தகும்?

கோட்டயம் வாசல்:
அந்தப் பெயரை இழிவாகப் பேசுவதை ஏற்க முடியாது. 1770இல் கேரளச் சுரியானி கிறிஸ்தவர்களின் தலைவர் ஆறாம் மார்த்தோமா நிரணத்தில் அருட்பொழிவு பெற்றபோது மார் தியோனிசியஸ் என்ற பெயரையே ஏற்றார். 1815இல் கோட்டயம் செமினாரியைத் தொடங்கிய புலிக்கோட்டில் ஜோசப் பேராயரும் மார் தியோனிசியஸ்தான். 1934இல் மறைந்த வட்டசேரில் மார் தியோனிசியசை எங்கள் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை 2003இல் புனிதராக அறிவித்தது. அவர்கள் எல்லோரும் மதுக்கடவுளின் ஆட்களா?

சுவடி நேசன்:
நாசரேத் அன்பருக்குப் பதில் மூன்றாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. அலெக்சாந்திரியாவின் ஆயரும் தியோனிசியாரே. அவர் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, அதனால் அவருடைய விசுவாசம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. அவர் எழுதிய ஒன்றை எல்லோரும் படிக்க வேண்டும். நற்செய்தியை எழுதிய யோவானும் திருவெளிப்பாட்டை எழுதிய யோவானும் வேறுவேறு ஆட்கள் என்று வாதாடிய அவர், விசுவாசிகள் தம் பிள்ளைகளுக்குப் பேதுரு, பவுல் என்று பெயர் வைப்பதைப்போல் யோவான் என்ற பெயரும் பலருக்கு இருந்திருக்கும் என்றார். எபேசில் யோவானின் பெயரால் இரண்டு கல்லறைகள் இருப்பதையும் எடுத்துக்காட்டினார். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒருவராகிவிட மாட்டார் என்று தியோனிசியார் ஒருவரே கற்பித்திருக்க, அவர் பெயரைக் கொண்ட மற்றவர்களை நாம் ஒன்றாகக் குழைக்கிறோம். 1121ஐ ஒட்டி, பாரிசு ஆயர் வேறு, ஏதென்சுக்காரர் வேறு என்று சொன்னதற்காகத்தானே தத்துவ அறிஞரும் துறவியுமான அபெலார் சான்-தெனி மடத்தை விட்டு ஓட நேர்ந்தது?

பழைய செபப்புத்தகம்:
இங்கே வசமாக மாட்டிக்கொண்டீர்கள். அபெலார் அப்படிச் சொல்லவே இல்லை. அரயோபாகு தியோனிசியார் கொரிந்தின் ஆயர் என்று ஆங்கிலத் துறவி பீடரின் விவிலிய உரையில் இருப்பதைத்தான் துறவிகளுக்குக் காட்டினார். ஏதென்சா கொரிந்தா என்பதே அந்தச் சண்டை. பிறருக்கு வரலாறு கற்பிக்க வந்தவர் இதையாவது சரியாகப் படித்திருக்கலாம்.

சுவடி நேசன்:
துறவிகள் கொதித்தது இல்துவினின் கதை ஆட்டம் கண்டதால்தான், ஆகவே நான் சொன்னதன் சாரம் மாறவில்லை. பீடரே இரண்டு தியோனிசியார்களைக் குழப்பிக்கொண்டவர். கொரிந்தின் ஆயர் தியோனிசியார் இரண்டாம் நூற்றாண்டுக்காரர். ஏதென்சின் முதல் ஆயர் அரயோபாகு தியோனிசியார் என்று அந்தக் கொரிந்து ஆயரே எழுதியதைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பதிவு செய்திருக்கிறார். பாரிசைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

நாசரேத் ஊர்க்காரன்:
நான் கேட்டது பெயரைப் பற்றி. பதிலில் யோவான் வந்தார், அபெலார் வந்தார், ஆனால் மதுக்கடவுள் எங்கே போனார்?

கோட்டயம் வாசல்:
எங்கள் புனிதரின் பெயரை மீண்டும் அப்படி எழுதினால் நானும் விடமாட்டேன்.

பழைய செபப்புத்தகம்:
யூசேபியுஸ் பாரிசைச் சொல்லாததால் ஏதென்சின் தியோனிசியார் பாரிசுக்குப் போகவில்லை என்று ஆகிவிடாது. வரும் அக்டோபர் 9 அன்றும் நான் அந்த ஒரே தியோனிசியாரிடம்தான் மன்றாடுவேன்.

சுவடி நேசன்:
தாராளமாக மன்றாடுங்கள். ஆனால் கிழக்குத் திருச்சபைகள் ஏதென்சுக்காரரை அக்டோபர் 3 அன்று நினைவுகூர்கின்றன என்பதையும் உங்கள் செபப்புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இருநூறு ஆண்டுகளை எந்தப் பக்கத்தில் எழுதப்போகிறீர்கள் என்பதை இப்போதும் சொல்லவில்லை.