பழைய விசிடி, வீடியோ கேசட்: புது டிவியில் போட்டுப் பாக்க என்ன வழி?

குளச்சல்காற்று:
கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளையள் எல்லாம் வருது. பாட்டியையும் உட்கார வச்சு பழைய குடும்ப சினிமாப் படங்களைப் போடலாம்னு அலமாரியைத் திறந்தா 36 விசிடி (படத்துக்கு 3 வீதம் 12 படம்), 9 டிவிடி, 5 வீடியோ கேசட் கிடக்கு. வீடு கடலுக்கு அரை கிலோமீட்டர். நாலு சிக்கல்:
1. புது டிவியில மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டையே இல்ல. பிளேயரை எதில மாட்ட?
2. விசிடியை லேப்டாப்புல காப்பி போட்டா பாதியில எரர் வந்து நிக்குது. ஆனா அதே சிடி பிளேயர்ல ஓடுது.
3. ரெண்டு கேசட்டோட கண்ணாடி வழியா பாத்தா சுருள் ஓரத்துல வெள்ளைப் பொடி.
4. எம்ஜிஆர், சிவாஜி முகமெல்லாம் அப்பளம் மாதிரி அகலமா தெரியுது.

தக்கலை_ரிப்பேர்:
முதல்ல 3-ஐச் சொல்லிடுதேன், அவசரம் அதுதான். அந்த ரெண்டு கேசட்டையும் விசிஆர்ல தள்ளிடாதீங்க. வெள்ளைப் பொடி பூஞ்சணம். ஒருதடவை ஓடினா ஹெட் டிரம்முல (டேப்பைப் படிக்கிற சுழலும் உருளை) ஒட்டும், அங்கிருந்து அடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் ஏறும். நம்ம ஊர்ல ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழை, நடுவுல கடக்காத்து. கேசட் காயுறதுக்கு நேரமே கிடைக்காது.

காத்துப் புகாத டப்பாவுல 250 கிராம் சிலிக்கா ஜெல்லோட ஒரு வாரம் மூடி வைங்க. நீல மணி வாங்கினா ஈரம் குடிச்சதும் ரோஸ் ஆகும், வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசி போடாதீங்க, அதோட மாவுத் தூசி டேப்புல இறங்கும். வெயில்லயும் வைக்காதீங்க, டேப் வளைஞ்சிடும். பூஞ்சணம் காஞ்சதும் முகமூடி போட்டுக்கிட்டு திண்ணையில உட்கார்ந்து கேசட்டைக் கவிழ்த்து அடியில உள்ள 5 ஸ்குரூவைக் கழட்டுங்க. மூடியை எடுத்த உடனே போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க, டேப் எந்த உருளையைச் சுத்திப் போகுதுன்னு பிறகு நினைவு வராது. சுருளின் ரெண்டு பக்க ஓரத்தையும் மெல்லிய பிரஷால் தட்டி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க. மெடிக்கல்ல கிடைக்கிற 70 சதவீதத்துல மிச்சம் தண்ணி, அது வேண்டாம். சுருள் ஒண்ணோடொண்ணு ஒட்டிப் போயிருந்தா இழுக்காதீங்க. டேப் மேல உள்ள பூச்சு உரிஞ்சா படம் அதோட போச்சு.

விசிஆர் ஹெட்டையும் துடைக்கணும். ஆல்கஹால் நனைச்ச ஷாமாய் தோலை (மெல்லிய மிருதுவான துடைக்கிற தோல்) டிரம் மேல அசையாம பிடிச்சுக்கிட்டு டிரம்மைக் கையால சுத்துங்க. தோலை மேலும் கீழும் தேய்க்கவே கூடாது, ஹெட் நுனி முறிஞ்சிடும்.

சுத்தமான கேசட்டை ஒருதடவை முன்னும் பின்னும் முழுசா ஓட்டிட்டு யுஎஸ்பி கேப்சர் குச்சி (விசிஆர் படத்தை லேப்டாப்புக்குள்ள வாங்குற சின்னக் கருவி) வழியா லேப்டாப்புல பதிங்க. சாஃப்ட்வேர்ல பால் (PAL, நம்ம ஊர் டிவி முறை), 720க்கு 576, 25 பிரேம்னு வைக்கணும். நிறைய குச்சி என்டிஎஸ்சியில (அமெரிக்க டிவி முறை) திறக்கும், அப்போ படம் கறுப்பு வெள்ளையா உருளும். ஒரு இ-180 கேசட் பதிய 3 மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. எம்பெக்-2-ல 6 எம்பிபிஎஸ் வச்சா மணிக்கு 2.7 ஜிபி. கடையில வாங்கின கேசட்டுல சிலது பதியும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒருக்க இருண்டு வெளுக்கும். அது காப்பித் தடுப்பு சிக்னல், கேசட்டு கெட்டதுன்னு நினைச்சு தூக்கிப் போட்டுடாதீங்க. அதை நேரா டிவியில பாருங்க.

நாஞ்சில்_படச்சுருள்:
2-க்கு: சிடி கெட்டுப்போகல, காப்பி பண்ற முறைதான் தப்பு. சாதாரண டேட்டா சிடியில ஒரு செக்டருக்கு (சிடியில டேட்டா எழுதுற சின்னத் துண்டு) 2048 பைட், மிச்ச இடம் பிழை திருத்த. விசிடியில அந்தத் திருத்த இடத்தையும் படத்துக்கே கொடுத்து 2324 பைட் வச்சிருக்கான். ஒரு செக்டர் போனா பிளேயர் ரெண்டு கட்டம் சிதறிக் காட்டிட்டு மேல ஓடிடும். விண்டோஸ் ஒவ்வொரு பைட்டும் வேணும்னு அடம் பிடிச்சு நின்னுடும். அதனால இழுத்துப் போட்டு காப்பி பண்ணாம ஐசோபஸ்டர்ங்கிற சாஃப்ட்வேர்ல திறந்து வீடியோ டிராக்கை எம்பெக் பிரேமா வடிகட்டி எடுங்க. லினக்ஸ்னா விசிடிஎக்ஸ்ரிப். டிரைவ் வேகத்தை 4 மடங்குக்குக் குறைச்சா கீறலுள்ள இடமும் பெரும்பாலும் தாண்டும்.

நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி. இரண்டரை மணிப் படம் ஒண்ணரை ஜிபி சொச்சம், 12 படமும் 32 ஜிபி பென்டிரைவுல அடங்கும். திரும்ப என்கோட் பண்ணாதீங்க (வேற வடிவத்துக்கு மாத்தாதீங்க), இருக்கிற கொஞ்ச தெளிவும் போகும். விசிடிக்குள்ள இருக்கிற டாட் (.dat) ஃபைலை டிவி எடுக்கலன்னா அதைப் பேர் மாத்திப் பாக்குறதை விட இப்படி எடுத்த எம்பிஜி நல்லது. டிவிடியை ஒரே எம்கேவி ஃபைலா மாத்தினா 4 ஜிபி தாண்டும், ஃபேட்32 முறையில ஃபார்மட் பண்ணின பென்டிரைவ் ஏத்துக்காது, எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் போடுங்க.

எடுக்கும் முன்ன கழுவுங்க: வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய வேட்டித் துணி. நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டுல துடைங்க. வட்டமா துடைச்சா வர்ற கீறல் டிராக்கோட போக்குலயே நீளமா ஓடி, தொடர்ச்சியான டேட்டாவை மறைச்சிடும். குறுக்குக் கீறலை பிளேயர் சமாளிக்கும். விசிடியில படம் இருக்கிற அலுமினியத் தகடு லேபிள் பக்கம்தான், மேல ஒரு மெல்லிய வார்னிஷ் மட்டும். பல்பு வெளிச்சத்துல பிடிச்சு ஊசி ஓட்டை தெரிஞ்சா டூத்பேஸ்ட் வைத்தியமெல்லாம் வீண். டிவிடியில தகடு ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவுல, அது கொஞ்சம் கெட்டி.

வடசேரி_ஸ்கோப்:
1: டிவி பின்னால ஏவி இன்னு ஒரே ஒரு சின்ன ஓட்டை இருக்கா பாருங்க. 3.5 மில்லிமீட்டர் ஜாக், மூணு கலர் கேபிளா பிரியுற ஒயர் வேணும். கம்பெனிக்குக் கம்பெனி உள்வரிசை மாறும். உறுமல் கேட்டாலோ படமே வரலன்னாலோ மஞ்சளையும் சிவப்பையும் மாத்திக் குத்துங்க. அந்த ஓட்டையும் இல்லன்னா ஏவி-டு-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர். எச்டிஎம்ஐ-டு-ஏவியும் பாக்க அச்சு அசல் அதே டப்பாதான், கடையில மேல எழுதினதை வாசிச்சு வாங்குங்க. 5 வோல்ட் யுஎஸ்பி பவர் கொடுத்தாதான் ஓடும்.

4: தமிழில் முதல் சினிமாஸ்கோப் (ரொம்ப அகலத் திரை) படமே 1973-ல வந்த ராஜராஜ சோழன். அதுக்கு முன்ன உள்ளதெல்லாம் கிட்டத்தட்ட சதுரம், டிவியில 4:3 வைங்க, பக்கத்துல கறுப்புப் பட்டை இருந்துட்டுப் போகட்டும். ஸ்கோப் படம் விசிடியில இன்னும் பாவம். மொத்தம் 288 வரி, மேலும் கீழும் பட்டை போக படத்துக்கு மிஞ்சுறது சுமார் 163 வரி. 55 இன்ச்சுல மாவு மாதிரிதான் தெரியும். ஷார்ப்னஸைக் குறைச்சு, மோஷன் ஸ்மூத்தை அணைச்சு, நாற்காலியைப் பின்னால தள்ளிப் போடுங்க.

குளச்சல்காற்று:
மஞ்சள் சிவப்பு மாத்தினதும் வந்துட்டு அண்ணாச்சி! ஒரு படத்தோட ரெண்டாவது சிடி மட்டும் 41-ஆவது நிமிஷத்துல நிக்குது, வேகம் குறைச்சும் தாண்டல.

நாஞ்சில்_படச்சுருள்:
சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடும். 41 நிமிஷம்னா நடுவிலிருந்து ஏறக்குறைய 46 மில்லிமீட்டர், அதாவது விளிம்பிலிருந்து ஒண்ணரை சென்டிமீட்டர் உள்ளே. அந்த வட்டத்துல லேபிள் பக்கம் பாருங்க. கீழ்ப்பக்கக் கீறல்னா வேற டிரைவுல போட்டுப் பாருங்க, ஒரு டிரைவ் விட்டதை இன்னொண்ணு எடுக்கும். லேபிள் பக்கம் ஓட்டைன்னா ஓட்டைக்கு முன்னயும் பின்னயும் தனித்தனியா எடுத்து ஒட்டிக்கிடுங்க, சில நிமிஷம் போகும். உரிமை வச்சிருக்கிற கம்பெனிகள் பழைய படங்களை யூடியூப்ல முழுசா போட்டிருக்கு, விட்டுப்போன சீனை அங்க பாட்டிக்குக் காட்டிடலாம்.