குளிர்காலத்தில் சாப்பிட்ட ஏதோ ஒரு சாப்பாடு இன்னும் மனசை விட்டுப் போகவில்லையா? இங்கே எழுதுங்கள்

சுண்டவத்தல்

2019 ஜனவரி, சிகாகோ. அந்த வாரம் அங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 30ஆம் தேதி காலையில் மைனஸ் 30 டிகிரி, தபால் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பிளாட்டில் ஹீட்டர் மக்கர் செய்தது. கீழ்த்தளத்தில் தனியாக இருந்த கோயமுத்தூர்ப் பெரியவர் "இங்க வந்து உக்காருங்க தம்பி" என்று கூப்பிட்டார். அதுவரை லிஃப்டில் தலையாட்டியதோடு சரி.

கொள்ளு வேகவைத்து, தண்ணீரை இறுத்து ரசம் வைத்திருந்தார். கொள்ளைப் பூண்டும் சீரகமும் போட்டுக் கடைந்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடச் சொன்னார். ரசத்தை டம்ளரில் ஊற்றித் தந்தார். காது மடல்வரை சூடு ஏறியது. மூன்று டம்ளர் குடித்துவிட்டு நன்றி சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க தம்பி. ஒருத்தனுக்காகக் கொள்ளு வேகப்போட மனசு வர்றதில்லைங்க." சாப்பிட்டவனுக்குச் சமைத்தவர் நன்றி சொல்வதா? என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இப்போது மகளோடு டெக்சாஸில் இருக்கிறார்.

பனங்கொட்டை

எங்களுக்கு 2013 டிசம்பர், கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ. ஐஸ் மழை கொட்டி, மரக்கொப்பு எல்லாம் முறிந்து வயரில் விழுந்து, நத்தார் (கிறிஸ்மஸ்) நேரம் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு, நெருப்புக்குச்சியால் பற்றவைக்கலாம். ஃப்ரீசரில் நண்டும் இறாலும் மீனும் கிடந்தது, பழுதாகப் போகுது என்று அம்மா எல்லாவற்றையும் போட்டு ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவில் கூழ் காய்ச்சினா. மாவை ஊறவைத்துத் தண்ணியை வார்த்துவிட்டு, பயத்தங்காயும் பலாக்கொட்டையும் அவிந்தபிறகு கடைசியில்தான் கரைத்து விட்டா.

வாசத்துக்கு ஆட்கள் வரவர அம்மா தண்ணியும் புளியும் கூட்டிக்கொண்டே இருந்தா. பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர் மெழுகுதிரி வெளிச்சத்தில் பலாக்கொட்டையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். அந்த முகம்தான் எனக்கு அந்த வருஷத்து நத்தார். கூழ் குடிக்கிற பிளா கோல இங்கே ஏது பனையோலை, கோப்பிக் கப்பில்தான் குடித்தோம்.

நல்லதுக்குச்_சொல்றேன்

எனக்கு அனுபவம் என்று பெரிதாக இல்லை. டெல்லியில் வேலை பார்த்தபோது ஜனவரியில் மிளகு ரசம் வைத்துக் குடித்திருக்கிறேன், நன்றாக இருந்தது.

பனங்கொட்டை அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் போனதும் ஏன் ஃப்ரீசரைக் காலி செய்தீர்கள்? நிறைந்திருக்கும் ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் வாசலே ஃப்ரீசர்தானே, டப்பாவில் போட்டு வெளியே வைத்திருக்கலாம். இன்னொன்று, இது முக்கியம். காஸ் அடுப்பில் சமைத்தது சரி. ஆனால் குளிருக்காக அதையே மணிக்கணக்கில் எரியவிடாதீர்கள். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் கராஜுக்குள்கூட வைக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நீங்கள் சொல்லும் அதே புயலில் ஒன்டாரியோவில் அதனால் ஆளே செத்திருக்கிறார்கள். ஒரு டிடெக்டர் வாங்கிப் படுக்கையறை அருகே மாட்டுங்கள், பேட்டரி போட்டது.

சுண்டவத்தல் தம்பி, கொள்ளை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் விசில் எண்ணியே விடிந்துவிடும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்குங்கள், தளதளவென்று கொதித்தால் மிளகு வாசம் போய்விடும்.

நீலகிரிப்_பனி

விசில் என்றதும் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஊட்டியில் முதல் டிசம்பர். சாதாரணப் பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்துவிட்டு ராத்திரி பத்து மணிவரை கிண்டிக்கொண்டு நின்றேன். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு எங்கே குழைய? வீட்டுக்காரம்மா எதுவும் கேட்காமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் சாம்பாராகத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே கேரட் வேறு. கேரட் போட்ட சாம்பார் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, அன்றைக்கு மட்டும் வழித்துச் சாப்பிட்டேன்.

அவரைக்கொடி

சமைத்தவர் சாப்பிட்டவனுக்கு நன்றி சொன்னாராம், படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். மார்கழி, தை வந்தால் பிதுக்கம்பருப்பு. ஊறிய பச்சை மொச்சையை ஒவ்வொன்றாகப் பிடித்து நுனியில் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் போய் விழும். விடியற்குளிரில் அந்தத் தண்ணீருக்குள் கைவிட்டுப் பாருங்கள், விரல் மரத்து, நுனியெல்லாம் சுருங்கி வெளுத்துவிடும். ஒரு படி பிதுக்கினால் குழம்பில் தேடத்தான் வேண்டும்.

கல்யாணமான வருஷம் தனி ஆளாக உட்கார்ந்து பிதுக்கிக் குழம்பு வைத்தேன். மாமனார் ராகிக்களியில் குழி பறித்து ஊற்றி, தலை நிமிராமல் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது, "பருப்பு கம்மியா இருக்கே" என்றார். அது பாராட்டா, குறையா? மாமியாரைக் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷமாக மாமனார் இல்லை. இப்போதும் ஒரு கை மொச்சை கூடவே ஊறப்போடுகிறேன்.

சுண்டவத்தல்

அது பாராட்டுதான் அக்கா. குறை சொல்பவர் உப்பு, காரம் என்றல்லவா ஆரம்பிப்பார்?

அவரைக்கொடி

எங்கள் மாமனாரை உங்களுக்குத் தெரியாது.

பனங்கொட்டை

நல்லதுக்குச்_சொல்றேன் அண்ணை, டிடெக்டர் வீட்டில் இருக்கு, நன்றி. ஆனால் நண்டை வாசலில் வைக்கச் சொல்கிற ஆள் குப்பைத்தொட்டியையே திறந்து தின்கிற டொராண்டோ ரக்கூனைக் கண்டதே இல்லை என்று விளங்குது.