கோபுரத்தின் குரல் கேட்கவில்லை, விமானியின் குரல் மட்டும் கேட்கிறது. ஏன்?

புதுக்காது: இருவரும் ஒரே அதிர்வெண்ணில்தான் பேசுகிறார்கள். விமானியின் குரல் என் ரிசீவரில் தெளிவாக விழுகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பதில் மட்டும் வருவதேயில்லை. கோபுரத்தின் ஒலிபரப்பியில் வாட் குறைவா?

பழைய ஆன்டெனா: வாட்டை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள். குரல் தொடர்புக்கான விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) பட்டை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு குறுக்கே வந்தால் கதை முடிந்தது. உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்குங்கள். அடிவானம் எத்தனை கடல் மைல் என்று வந்துவிடும். 35,000 அடிக்கு 230. 1,000 அடிக்கு வெறும் 39! விமானம் உயரத்தில், கோபுரமோ தரையில்; உங்கள் ஆன்டெனாவும் தாழ்வாக ஜன்னலோரம் இருக்கிறது என்றால் கோபுரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

புதுக்காது: அப்படியானால் நடுக்கடலில்?

பழைய ஆன்டெனா: அங்கே எச்எஃப் (உயர் அதிர்வெண்), சுமார் 3 முதல் 22 மெகாஹெர்ட்ஸ். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எட்டும். ஆனால் பகலில் உயர்ந்த அதிர்வெண், இரவில் தாழ்ந்தது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரைச்சலோ தாங்க முடியாது.

இரவுப்பணி: அதனால்தான் செல்கால் என்ற அழைப்பு முறை இருக்கிறது. விமானத்துக்கென ஒதுக்கிய தொனிகள் வந்தால் மட்டுமே விமானி அறையில் மணி ஒலிக்கும். இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இப்போது பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியே எழுத்துச் செய்திதான்.