கரைவலையில் வந்த முள் நண்டு அரச நண்டாக இருக்குமா?

கல்லடியான்:
இன்று காலை மட்டக்களப்பின் கல்லடியில் இழுத்த கரைவலையில், மீன்களோடு முதுகெல்லாம் முள்ளாக ஒரு நண்டும் வந்தது. இடப்பக்கத்தில் கொடுக்கைத் தவிர மூன்று கால்களே இருப்பதைக் கண்ட என் மச்சான், ஆழ்கடலில் அரிதாகக் காணப்படும் அரச நண்டு இதுதான் என்று அடித்துச் சொல்கிறார். அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

வாவிக்கரை:
மறுபக்கத்துக் கால்களையும் எண்ணிப் பாருங்கள் ஐயா, வலையில் காலொன்று ஒடிவது வழமைதானே. கறிக்கு வாங்கும் நண்டுக்குக் கொடுக்கு நீங்கலாக நான்கு சோடிக் கால்கள் உண்டு. அரச நண்டோ, சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டின் வழிவந்தது. ஆகையால் அதன் கடைசிச் சோடி மிகச் சிறுத்து, ஓட்டுக்குள் மடங்கிக் கிடந்து, செவுள்களைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது மூன்று சோடிதான். பெண் நண்டாயின் திருப்பிப் பாருங்கள், வயிற்று மடல் ஒருபக்கம் கோணியிருக்கும்.

இடமும் பொருந்தவில்லை. குளிர்நீரில் வாழும் இவ்வினம், வெப்ப வலயத்தில் அந்தக் குளிரைத் தேடிப் பல நூறு மீற்றர் கீழே இறங்கிவிடுகிறது. நமது கடலின் மேற்பரப்பு 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கையில், வங்காள விரிகுடாவில் 1000 மீற்றர் ஆழத்தில் வெப்பநிலை 10 பாகைக்கும் குறைவு. 1942இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மிஸ் கிடப்பதே 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில்தான்; கரைவலை அவ்வளவு தூரமும் போவதில்லை. இந்து சமுத்திரத்தில் அரச நண்டே இல்லை என்று சொல்லவில்லை: ஆழ்கடலை ஆராய்ந்த ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலின் பெயரால், 1899இல் ‘பரலோமிஸ் இன்வெஸ்டிகேட்டோரிஸ்’ என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டார்கள்.

கல்முனை ஆசிரியை:
பழைய விலங்கியல் நூல்கள் குதிரைலாட நண்டையும் ‘கிங் கிராப்’ (அரச நண்டு) என்றே எழுதிக் குழப்பிவிட்டன. அது சிலந்திக்கு உறவே தவிர நண்டே அல்ல.

அரச நண்டின் வாழிடத்தைப் பற்றி ஒன்று. கலிபோர்னியாவின் மொன்டரே விரிகுடாவில், 1000 மீற்றருக்கும் கீழே, ஒதுங்கக் கல்லோ பாறையோ அரிதான சேற்றுத் தரையில், ‘நியோலித்தோடஸ் டயோமெடியே’ என்னும் இனத்தின் குஞ்சுகள், நடந்து திரியும் கடல் அட்டைகளின் வயிற்றடியில் தொற்றிக்கொண்டு மறைந்திருப்பதை ஆளில்லா நீர்மூழ்கிகளின் கமராக்கள் பதிவுசெய்துள்ளன. நமக்குக் கடல் அட்டை ஏற்றுமதிப் பொருள். அந்தக் குஞ்சுக்கு அதுவே கூரை.

கல்லடியான்:
எண்ணிவிட்டேன். வலப்பக்கத்தில் நான்கு கால்கள். இடப்பக்கத்தில் மூன்றும், நான்காவது இருந்த இடத்தில் ஒடிந்த அடிக்கட்டையும். மச்சான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.