பரிசோதனைக்கு முன் 'ஓராண்டு வரை': இது என்ன கணக்கு?

மழைக்கோட்டு:
நேற்று வேறொரு இழையில் கணக்குப்பிள்ளை எழுதியது: "காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு என்.எச்.எஸ்ஸில் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) கிடைக்கவில்லை என்று அழுபவர்கள் விதியைப் படிக்காதவர்கள். 2 வருடம் பொறுத்தால் தானாகக் கிடைக்கும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனி இழை.

எனக்கு 37 வயது. முயற்சி தொடங்கி மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. கிளினிக்கில் பரிசோதனைகள் நான்கு மாதத்துக்கு முன்புதான் ஆரம்பித்தன. கருக்குழாயில் அடைப்பு இல்லை, ஏஎம்ஹெச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சரி, கருமுட்டை மாதாமாதம் வெளிவருகிறது, கணவரின் விந்துப் பரிசோதனையும் சரி. எல்லாம் சரி என்பதுதான் எங்கள் நோய். போன வாரம் கடிதம் வந்தது: பரிசோதனைக்கு முந்தைய காலத்தில் ஓராண்டுதான் கணக்கில் சேருமாம், இன்னும் எட்டு மாதம் முயன்றுவிட்டு வரவேண்டுமாம். 'முயன்று' என்ற இடத்தில் என் கணவர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
என் பெயர் அடிபடுவதால் வருகிறேன். உணர்ச்சிவசப்படாமல் படியுங்கள். என்.எச்.எஸ்ஸுக்குச் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் நைஸ் அமைப்பின் 2013 வழிகாட்டி சொல்வது: காரணம் தெரியாதவர்கள் மொத்தம் 2 ஆண்டு முயன்றிருக்க வேண்டும் (அதில் பரிசோதனைக்கு முந்தைய காலம் 1 ஆண்டு வரை சேரலாம்). 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். 12 + 4 = 16. 24இல் 16 போனால் 8. கடிதம் சரி.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
தம்பி, 'மொத்தம்' எண்ட சொல்லையும் கவனியும். அந்தப் பிள்ளை மூண்டு வருசமும் நாலு மாசமும் முயற்சி செய்திருக்கு. 40 மாசம். 40 பெரிசோ, 24 பெரிசோ? உமக்கு அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கவுன்சில் டாக்ஸ் இழையிலயும் இதே கூத்துத்தான்.

கணக்குப்பிள்ளை:
கவுன்சில் டாக்ஸ் இழையில் யார் சொன்னது சரியாக இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும், அண்ணை. 'வரை' என்றால் வரை.

ரெண்டாம் ஷிப்ட்:
நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ஒரு விஷயம் சொல்கிறேன், சண்டை வேண்டாம். நைஸ் சொல்வது பரிந்துரைதான், சட்டம் இல்லை. இங்கிலாந்தில் பணம் ஒதுக்குவது ஐசிபி எனப்படும் வட்டார வாரியங்கள். ஜூலை 2022இல் தொடங்கியபோது 42 இருந்தன, ஆளுக்கொரு கொள்கை. சில இடங்களில் காரணம் தெரியாதவர்களுக்கு 2 அல்ல, 3 ஆண்டு கேட்கிறார்கள். 40 வயதுக்குள் இருந்தால் 3 முழுச் சுழற்சி, அதாவது மூன்று தடவை ஐவிஎஃப், என்கிறது நைஸ், பெரும்பாலான வாரியங்கள் கொடுப்பது ஒன்று. சுழற்சி என்பதற்கே இடத்துக்கு இடம் அர்த்தம் வேறு. உறையவைத்த கருக்கள் எல்லாவற்றையும் கருப்பையில் வைத்து முடிப்பதுதான் நைஸ் கணக்கில் ஒரு சுழற்சி, சில இடங்களில் ஒன்றிரண்டோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் முதலில் உங்கள் வாரியத்தின் கொள்கையை வாங்கிப் படியுங்கள், மழைக்கோட்டு.

க்ளாஸ்கோ காக்கா:
எங்கள் ஸ்கொட்லாந்தில் 3 சுழற்சி. சும்மா சொல்லி வைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் ஸ்கொட்லாந்தில் வருமான வரியும் அதிகம். அதையும் சும்மா சொல்லி வையுங்கள். ரெண்டாம் ஷிப்ட் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கேள்வி அதுவல்ல. கேள்வி 'வரை'.

விசா_வரிசை:
நடுவில் ஒரு சந்தேகம். நாங்கள் ஸ்கில்டு வொர்க்கர் (வேலை) விசா. என்.எச்.எஸ்ஸைப் பயன்படுத்த விசாவோடு ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருக்கிறோம். எங்களுக்கு எத்தனை வருடம் காத்திருக்கவேண்டும்?

ரெண்டாம் ஷிப்ட்:
வருத்தமாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆகஸ்ட் 2017லிருந்து அந்தச் சர்சார்ஜில் ஐவிஎஃப் போன்ற சிகிச்சை அடங்காது. பரிசோதனைக்கு ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) போகலாம். நிரந்தரமாகத் தங்கும் உரிமை வந்தபிறகுதான் சிகிச்சைக்குக் கேட்கமுடியும்.

விசா_வரிசை:
அதாவது வரி கட்டலாம், சர்சார்ஜும் கட்டலாம், பிள்ளை மட்டும் பல வருடம் கழித்து.

கண்டி ரோட்:
வந்து இறங்கின உடனே எல்லாம் இலவசமா வேணும். நாங்கள் வந்த காலத்தில் ஹீட்டருக்கே காசு இல்லை.

விசா_வரிசை:
சர்சார்ஜ் என்று ஒன்று இல்லாத காலத்தில் வந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். நன்றி சார்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
கண்டி ரோட், உம்மட ஹீட்டர் கதையை நாங்கள் பத்துத்தரம் கேட்டாச்சு. நான் திரும்பவும் சொல்லுறன்: மொத்தம்.

கணக்குப்பிள்ளை:
அண்ணைக்கு ஒரு எடுத்துக்காட்டு. ஒரு பையில் 24 கிலோ கொண்டுபோகலாம், அதில் அரிசி 12 கிலோ வரை இருக்கலாம் என்கிறார்கள். நீங்கள் 36 கிலோ அரிசியோடு விமான நிலையத்துக்குப் போய் நின்றால் என்ன ஆகும்?

மழைக்கோட்டு:
என் மூன்று வருடத்தை அரிசி மூட்டையாக்கிவிட்டீர்கள். ரொம்ப நன்றி.

இதில் ஒன்று யோசித்தீர்களா? முதல் வருட முடிவிலேயே ஜிபியிடம் ஓடியிருந்தால் எனக்கு எப்போதோ கிடைத்திருக்கும். பொறுமையாக வீட்டிலேயே முயன்றதற்குத் தண்டனை. நான் ஒருமுறை போகவும் செய்தேன், இரண்டு வருடத்துக்கு முன்பு. 'இளவயதுதானே, ரிலாக்ஸாக இருங்கள்' என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது என்.எச்.எஸ் ஆப்பில் அந்தத் தேதியைத் திறந்து பார்த்தால் இருப்பது ஒரே வரி: களைப்பு, இரும்புச்சத்து மாத்திரை.

கணக்குப்பிள்ளை:
பதிவில் இல்லாதது நடக்காதது.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
நல்ல காலம், நீர் டொக்டருக்குப் படிக்கேல்லை.

கண்டி ரோட்:
உண்மையைச் சொன்னால் கோவிப்பீர்கள். காரணமே இல்லாததை நோய் எண்டு சொல்ல ஏலுமோ? மலட்டுத்தன்மைக்கு அரசாங்கம் ஏன் காசு குடுக்கவேணும்?

மழைக்கோட்டு:
அந்தச் சொல்லை இங்கே எழுதாதீர்கள், அண்ணா. அதை ஊரில் வேண்டிய அளவு கேட்டுவிட்டேன். 12 மாதம் முயன்றும் கரு உண்டாகவில்லை என்றால் அதை நோய் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. உங்களுக்கு வேறு நிறுவனம் இருந்தால் சொல்லுங்கள்.

க்ளாஸ்கோ காக்கா:
ஏன் சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வரக்கூடாது? எங்கள் வீட்டிலேயே ஒருவர் போனார்.

மழைக்கோட்டு:
போகலாம். ஊசி போடும் நாட்களில் பாதி மாமியார் வீட்டில், மீதி அம்மா வீட்டில். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எட்டுப் பேர் ஆட்டோவில் வருவார்கள். லீவும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
காத்திருப்பதை எல்லோரும் பாவம் மாதிரிப் பேசுகிறீர்கள். லான்செட் மருத்துவ இதழில் வந்த நியூசிலாந்து ஆய்வைப் படியுங்கள். காரணம் தெரியாத 201 தம்பதிகள். 100 பேரைச் சிகிச்சையில்லாமல் மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். 9 பேருக்குக் குழந்தை பிறந்தது. சும்மா இருந்தே 9!

ரெண்டாம் ஷிப்ட்:
மற்ற 101 பேருக்குக் கருமுட்டையைத் தூண்டும் மாத்திரையோடு ஐயூஐ (விந்தை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்தார்கள். அதில் 31 பேருக்குப் பிறந்தது. அதை ஏன் விட்டீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நான் பேசுவது காத்திருப்பைப் பற்றி. ஐயூஐயை இவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்று அதே 2013 வழிகாட்டி சொல்கிறது. ஒரு வழிகாட்டியில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
அதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்லிக்கொண்டு இருக்கிறன். 'வரை'யைப் பிடிச்சுக்கொண்டு 'மொத்தம்'ஐ விட ஏலாது.

கணக்குப்பிள்ளை:
'மொத்தம்' பொது, 'வரை' அதற்குள் வரம்பு. பத்தாம் வகுப்பு இலக்கணம்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
எங்களுக்கு இலக்கணம் படிப்பிக்க வந்திட்டார். பேச்சுத் தமிழிலயே நாலு இங்கிலிஷ் இல்லாமல் ஒரு வசனம் சொல்லும் பாப்பம்.

கணக்குப்பிள்ளை:
'மூண்டு', 'எண்ட' என்று எழுதுகிறவரா?

(இதற்குப் பிறகு பதினொரு பதிவுகள் 'மூன்று'க்கும் 'மூண்டு'க்கும் போயின. கண்டி ரோட் இரு பக்கமும் திட்டு வாங்கினார்.)

மழைக்கோட்டு:
கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். 'பரிசோதனை தொடங்கிய நாள்' என்று எதை எடுத்துக்கொண்டீர்கள், ஜிபி எழுதிய முதல் ரத்தப் பரிசோதனையா, உங்களிடம் வந்த முதல் அப்பாயின்ட்மென்டா என்று கேட்டேன். முதல் ரத்தப் பரிசோதனை என்றால் எனக்கு இன்னும் மூன்று மாதம் குறையும். எடுத்த பெண்ணுக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டுத் திரும்ப அழைப்பதாகச் சொன்னாள். யாருக்காவது தெரியுமா?

கணக்குப்பிள்ளை:
எந்தத் தேதியாக இருந்தாலும் அதற்கு முன்னால் 1 ஆண்டு வரைதான்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
மொத்தம், தம்பி. மொத்தம்.